இரண்டு மாத்திரைகளுக்குப் பொருத்தம் பார்த்த கதை

இப்போது நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன், மேடு கண்டால் ஏறவும் செய்கிறேன். ஆகவே தைரியமாக என் நோயைப் பற்றி எழுதலாம். படுக்கையில் கிடந்தபோது எழுதியிருந்தால் வரிக்கு வரி அழுதிருப்பேன்; படிக்கிறவர்களும் பாதியில் எழுந்து போயிருப்பார்கள். மலைக்காய்ச்சலோடு ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்கப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர்களில் ஒருவராவது நான் சொன்ன பொய்யைச் சொல்லாமல் இருந்தால் எனக்குப் போதும்.

மேகமலையில் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் எனக்கு ஸ்டோர் வேலை. ஸ்டோர் என்றால் கடை அல்ல. பச்சை ஏலக்காயைத் தட்டுகளில் பரப்பி, கீழே ஓடும் புகைக்குழாயின் சூட்டில் உலர்த்தும் கட்டடம். உள்ளே வேர்க்கும், வெளியே வந்தால் சாரலில் நனையும். கொசு இரண்டு இடத்திலும் உண்டு. முதல் தடவை குளிர்காய்ச்சல் வந்தபோது, எல்லோருக்கும் வருவதுதானே என்று இருந்தேன். நாலு கம்பளிக்குள் கிடந்து நடுங்கினேன், கொய்னா குடித்தேன், நின்றது. இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தது. மூன்றாம் தடவை வந்தபோது இடது விலாவுக்குக் கீழே கல் மாதிரி ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது. ஸ்டோர் ஏணியில் இரண்டு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. எங்கள் லயத்தில், அதாவது கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், நான்காம் தடவை காய்ச்சல் கண்ட இரண்டு பேர் அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அதனால் நான்காம் தடவை என்ற சொல்லே எனக்கு எமன் பெயராகிவிட்டது.

எஸ்டேட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டராக இருந்தவர் என் மச்சான் சுந்தரராசு. என் மனைவி பேச்சியம்மாளின் அண்ணன். மாதத்தில் ஒரு நாள் டாக்டர் மலையேறி வருவார். மற்ற நாளெல்லாம் மச்சான்தான் டாக்டர். கெட்டிக்காரர், ரோஷக்காரர். அப்போது சண்டைக் காலம். கொய்னாப் பட்டை விளைகிற ஜாவாவை ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டதிலிருந்து கொய்னா வரத்து அருகிவிட்டது. அதற்குப் பதிலாகப் புதிதாக ஒரு மஞ்சள் மாத்திரை வந்திருந்தது. அதில் பதினைந்தை ஒரு பொட்டலத்தில் மடித்து என் கையில் கொடுத்தார்.

"மாப்ள, தேனிக்குப் போயி ரத்தம் பாருங்க. அங்கன இருக்குற டாக்டரும் பாக்கட்டும். ஆனா இதை விட்றாதீக. சாப்பாட்டுக்குப் பெறகு ஒண்ணு, ஒரு நாளைக்கு மூணு, அஞ்சு நாள்" என்றார்.

சின்னமனூர் வரை ஏலக்காய் மூட்டைகளின் மேல் லாரியில் வந்தேன். அங்கிருந்து கரி பஸ். பெட்ரோல் கிடைக்காத காலம் அது. பஸ்ஸின் பின்னால் ஓர் அடுப்பை மாட்டி, கரியைப் போட்டு ஊதி ஓட்டினார்கள். பஸ்ஸும் என்னைப் போலவே நடுங்கியது, இருமியது, மேடு வந்தால் நின்றது. பழனிசெட்டிபட்டி தாண்டும்போது எனக்குக் குளிர் ஆரம்பித்தது. பேச்சியம்மாள் தன் சேலைத் தலைப்பையும் சேர்த்து என்னைச் சுற்றினாள். பஸ்ஸில் இருந்த முன்பின் தெரியாத ஒருவர் தன் துண்டைக் கொடுத்துவிட்டு, திரும்பக் கேட்காமலே இறங்கிப் போனார். அந்தத் துண்டு இன்னும் வீட்டில் இருக்கிறது.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். சிறியது, ஒரு டாக்டர், ஒரு சிஸ்டர், பன்னிரண்டு கட்டில். வாசல் பெஞ்சில் காலையிலிருந்து மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தோம். காய்ச்சல்காரர்களுக்குப் பெஞ்சில் ஒரு மரியாதை உண்டு. யாராவது நடுங்க ஆரம்பித்தால் மற்றவர்கள் ஒதுங்கிப் படுக்க இடம் விடுவார்கள். நான் இரண்டு முறை அந்த மரியாதையைப் பெற்றேன்.

பரிசோதனை என்று பயந்ததெல்லாம் விரல் நுனியில் ஒரு குத்துத்தான். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். காய்ச்சல் கிருமி ரத்தத்தின் சிவப்பணுவுக்குள் மோதிரம் மாதிரி தெரியுமாம். என் ரத்தத்தில் நிறைய மோதிரங்கள் இருந்தன. டாக்டர் என்னைப் படுக்க வைத்து, விலாவுக்குக் கீழே அழுத்தினார். கையில் தட்டுப்பட்ட கல்லுக்குப் பெயர் மண்ணீரல். எல்லோருக்கும் உண்டு, காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தால் வீங்கும் என்றார். பிறகு சீட்டு எழுதிக்கொண்டே, "வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றேன்.

மடியில் மச்சானின் பொட்டலம் இருந்தது. அதை வைத்துக்கொண்டே இல்லை என்றேன். ஏன் என்று கேட்டால், எங்கள் பக்கத்தில் ஒரு வைத்தியர் முன்னால் இன்னொரு வைத்தியர் பேச்சை எடுக்க மாட்டோம். ஒரு சம்பந்தி வீட்டு விருந்தில் உட்கார்ந்துகொண்டு இன்னொரு சம்பந்தி வீட்டுச் சமையலைப் புகழ்வது மாதிரி அது. உங்கள் மருந்து மட்டும் போதாது என்று நினைத்து இன்னொன்றும் வைத்திருக்கிறேன் என்று படித்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? அதே சமயம் மச்சான் கொடுத்ததை விட்டுவிட்டால் மச்சான் மனசு கோணும். இரண்டு பேருக்கும் மரியாதை செய்ய ஒரே வழி, இரண்டையும் விழுங்கிவிட்டு இரண்டு பேரிடமும் வாயைத் திறக்காமல் இருப்பது. புருஷனும் பெண்சாதியும் இதைப் பேசி முடிவு செய்யக்கூட இல்லை. இருவருக்கும் தானாகவே தெரிந்திருந்தது.

ஆகவே மூன்று நாள் இப்படி நடந்தது. சிஸ்டர் வந்து கொய்னா மிக்சரை ஊற்றிவிட்டுப் போவாள். ஆஸ்பத்திரிப் பின்கட்டில் மூன்று கல் வைத்து பேச்சியம்மாள் ரசம் காய்ச்சிக் குழையச் சோறு ஆக்கிக் கொண்டுவருவாள். சாப்பிட்டதும் வாழைப்பழத் துண்டுக்குள் மஞ்சள் மாத்திரையைச் செருகி என் வாயில் போடுவாள். பக்கத்துக் கட்டிலில் குச்சனூர்க்காரர் ஒருவர், தென்னையிலிருந்து விழுந்து கால் முறிந்து கிடந்தார். "வீட்டுக்காரியம்மா வாழைப்பழத்தை ஊட்டி விடுறாக. குடுத்து வச்சவரு நீங்க" என்றார். கொய்னாவால் காதில் வண்டு இரைந்துகொண்டிருந்தது, பாதிதான் கேட்டது. சிரித்து வைத்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது.

நான்காம் நாள் காலையில் சிஸ்டர் ஒரு சின்ன மாத்திரையோடு வந்தாள். மலையாளத்துக்காரி, கம்பம் பக்கம் வந்து பத்து வருஷமாகியும் பேச்சில் மலையாளம் போகவில்லை.

"இது வேற மருந்து கேட்டோ. கொய்னா காய்ச்சலை நிறுத்தும். இது காய்ச்சல் திரும்பி வராமல் இருக்க. கொஞ்சம் கடுப்பமான மருந்து. வயிறு வலிச்சா, உதடு நீலமானா, மூத்திரம் கறுத்தா, உடனே பறையணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

எனக்கு ஒரே சந்தோஷம். ரத்தத்தில் இருக்கிற கிருமியைக் கொய்னா கொன்றுவிடும். ஆனால் சில கிருமிகள் எங்கேயோ பதுங்கிவிடுகின்றன. எங்கே என்று டாக்டர்களுக்கே இன்னும் தெரியவில்லையாம். அவைதான் இரண்டு மாதம் கழித்து மறுபடி கிளம்பி வருகின்றன. பதுங்கியதைப் பிடிக்கிற மாத்திரை இது. என் நான்காம் தடவைக்கு மருந்து கையில் வந்துவிட்டது என்று வாய்க்குக் கொண்டுபோனேன். பேச்சியம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் பொறுங்க. அண்ணன் மாத்திரை ஒம்பது உள்ள போயிருக்கு. அதோட இது சேருமா?"

"ரெண்டும் காய்ச்சலுக்குத்தானே, புள்ள. ரெண்டும் நல்ல மருந்து."

"உங்கய்யாவும் நல்லவக, எங்கண்ணனும் நல்லவக. பொங்கலுக்கு ரெண்டு பேரையும் ஒரு வீட்டுல உக்கார வச்சா என்னாகுது?"

போன பொங்கலுக்கு என்ன ஆனது என்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது.

"மீனுக்கும் தயிருக்குமே ஆகாதுன்னு பாக்குறோம். இது மருந்து" என்றாள்.

"டாக்டர்கிட்ட கேட்டா, மொதல்ல ஏன் சொல்லலைம்பாரு. கோவிச்சுக்கிட்டு வெளிய அனுப்பிட்டா?"

"அனுப்பட்டும். உசுரோட அனுப்புவாகள்ல."

அவள் என் கையிலிருந்த மாத்திரையை வாங்கிக்கொண்டாள். வெற்றிலைப் பெட்டியைத் திறந்து ஒரு வெற்றிலையை எடுத்து, அதன் மேல் அந்த மாத்திரையையும் அண்ணனின் மஞ்சள் மாத்திரை ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பெண் வீட்டுக்காரர்கள் ஜோசியர் முன்னால் இரண்டு ஜாதகத்தை நீட்டுகிற மாதிரி அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனாள். நான் கட்டில் கம்பிகளைப் பிடித்துப் பிடித்துப் பின்னாலேயே போய் வாசலில் நின்றேன். தடுக்கத்தான் போனேன். அதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"ஐயா, இந்த ரெண்டும் ஒரு வயித்துல சேருமான்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

டாக்டர் வெற்றிலையைப் பார்த்தார். "இந்த மஞ்சள் மாத்திரை ஏதும்மா?"

"மலையில எங்கண்ணன் கம்பவுண்டரு. அவுக குடுத்தாக. மூணு நாளா சாப்பிடுறாக. உங்ககிட்ட மறைச்சிட்டோம். தப்பு எங்க மேலதான், அண்ணன் மேல இல்ல."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இன்னைக்கு நான் கொடுத்த மாத்திரையை முழுங்கிட்டாரா?" என்று மெதுவாகக் கேட்டார். அதோ வெற்றிலையில் இருக்கிறதே என்றாள். அவர் நாற்காலியில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சைக் கேட்டபோதுதான் நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பது எனக்கு உறைத்தது.

என்னையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். மஞ்சள் மாத்திரை நல்ல மருந்து, தன் மாத்திரையும் நல்ல மருந்து, ஆனால் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்று பட்டாளத்து டாக்டர்கள் சொல்வதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன் என்றார். மஞ்சள் மாத்திரை உடம்பை விட்டு லேசில் போகாதாம். அது உள்ளே இருக்கும்போது மற்றது போனால், அளவோடு கொடுத்ததே விஷமாகலாம் என்றார். எத்தனை நாள் இடைவெளி விட வேண்டும் என்று கேட்டேன். "எனக்கு நிச்சயமாத் தெரியாது. தெரிஞ்சுக்கிட்டுத்தான் கொடுப்பேன்" என்றார். தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து அவர் மேல் எனக்கு நம்பிக்கை கூடிவிட்டது.

தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துப் புரட்டினார். இரண்டு மருந்தைப் பற்றியும் தனித்தனியாக இருந்தது. சேர்த்தால் என்ன என்று இல்லை. மதுரையில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் இருக்கிற தன் சினேகிதருக்குக் கடிதம் எழுதி, மத்தியான பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார். பதில் வரும் வரை அவருடைய மாத்திரை கிடையாது. மஞ்சளை மட்டும் ஐந்து நாள் முடிக்கச் சொன்னார், இனி வாழைப்பழத்துக்குள் ஒளிக்காமல்.

பதிலுக்காகக் காத்திருந்த நாட்கள்தான் காய்ச்சலைவிடக் கஷ்டமாக இருந்தன. அந்த மாத்திரை இல்லாவிட்டால் நான்காம் தடவை வரும். சாப்பிட்டால் அதுவே ஆளைக் கொன்றாலும் கொல்லும். சாயங்காலம் காற்றடித்து மேல் சிலிர்த்தால்கூட, வந்துவிட்டது என்று கம்பளியைத் தேடுவேன். குச்சனூர்க்காரர் தேற்றினார்: "சனி பிடிச்சா ஏழரை வருசம். உங்க காய்ச்சல் எட்டு மாசந்தானே ஆகுது. பதறாதீக."

வெள்ளிக்கிழமை காலையில் பேச்சியம்மாள் என் கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை, முகம், மார்பு எல்லாம் மஞ்சள் பூசினது மாதிரி இருந்தது. காமாலை என்று அவள் முடிவே செய்துவிட்டாள். கீழாநெல்லி தேடிப் போவதற்குக் கிளம்பினவள், வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள். "இதையும் கேட்டுக்கிட்டுத்தான குடுக்கணும்" என்று டாக்டரைக் கூப்பிட்டாள். அவர் என் கண்ணின் கீழ் இமையை இழுத்துக் காட்டினார். "காமாலைன்னா கண்ணு மஞ்சளாகும். இவருக்குக் கண்ணு வெள்ளையா இருக்கு பாருங்க. இது மாத்திரையோட சாயம், தானாப் போயிடும்" என்றார். அன்று முழுக்க அவள் மணிக்கொரு தரம் என் இமையை இழுத்துப் பார்த்தாள்.

சனிக்கிழமை காலை மதுரையிலிருந்து பதில் வந்தது. டாக்டர் அதை என்னிடம் படிக்கவில்லை. பேச்சியம்மாளை உட்கார வைத்து, "நீங்க கேட்ட கேள்விக்குப் பதில் வந்திருக்கும்மா" என்று ஆரம்பித்து, ஆங்கிலத்தை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்ட சிப்பாய்களுக்கு வயிற்றைப் பிடுங்கும் வலி வந்து, உதடு நீலமாகி, மூத்திரம் கறுத்துப் போனது உண்மை. முதலில் மஞ்சளை முடி, மூன்று நாள் சும்மா இரு, பிறகு மற்றதைச் சாப்பாட்டோடு குறைந்த அளவில் கொடு, உதட்டைப் பார்த்துக்கொண்டே இரு. இவ்வளவுதான் கடிதம். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சரிங்க என்று ஒரு வார்த்தை சொன்னாள். வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அன்றே பத்து மணி வாக்கில் மச்சான் வந்து சேர்ந்தார். சட்டையெல்லாம் ஏலக்காய் வாசம். கையில் ஒரு சீப்புப் பழம். பேச்சியம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஐந்து வயதில் தாயை இழந்தவளை அந்த அண்ணன்தான் வளர்த்தார். அவர் கொடுத்ததை அந்நிய மனிதர் முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டோமே என்ற பயம் மூன்று நாளாக அவளை அரித்துக்கொண்டிருந்தது. அவர் உட்காருவதற்குள் டாக்டரும் கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்துவிட்டார். இனி மறைக்க முடியாது.

"அண்ணே, நீங்க குடுத்த மாத்திரையை இவுககிட்டக் காட்டிட்டேன். இவுக மாத்திரையோட அது சேராதாம்" என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள்.

மச்சானின் மீசை துடித்தது. "எந்த மாத்திரையோட?" என்று டாக்டரிடம் கேட்டார். டாக்டர் மாத்திரையின் பெயரைச் சொன்னார். மச்சான் கையிலிருந்த பழத்தை என் கட்டிலில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார்.

"அது எங்களுக்கும் புதன்கிழமை வந்துச்சுங்க" என்றார். "லயத்துக்காரக ரெண்டு தடவை டிஸ்பென்சரிக்கு வர மாட்டாக. அதனால ரெண்டையும் ஒரே பொட்டலமா மடிச்சு வச்சிருக்கேன். நாளைக்கு, ஞாயித்துக்கிழமை, எல்லாருக்கும் குடுக்கணும்."

"நாளைக்குத்தானே. இன்னும் யாரும் சாப்பிடலையே?" என்றார் டாக்டர்.

மச்சான் பதில் சொல்லத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மொதப் பொட்டலத்தை எம் மகளுக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன். அவளுக்கும் காய்ச்சல். இன்னைக்குச் சோறு உண்டதும் ஆரம்பின்னு அவ ஆத்தாகிட்டச் சொல்லிட்டேன்."

அந்தப் பெண்ணுக்கு ஆறு வயது. டாக்டர்தான் முதலில் சுதாரித்தார். கொடுத்திருந்தாலும் ஒரு வேளையில் உயிருக்கு ஒன்றும் ஆகிவிடாது, நிறுத்திவிட்டு உதட்டையும் மூத்திரத்தையும் பாருங்கள் என்று சொல்லி, இடைவெளிக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மச்சான் அதை இரண்டு முறை படித்துப் பையில் வைத்தார். பேச்சியம்மாளின் தலையில் ஒரு கணம் கையை வைத்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

மூன்று நாள் மலையிலிருந்து ஒரு தகவலும் இல்லை. பேச்சியம்மாள் சமைத்தாள், எனக்கு ஊட்டினாள், தான் சாப்பிட்டாளா என்று எனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை லாரிக்காரர் செய்தி கொண்டுவந்தார். மச்சான் பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்குள் நுழைந்தபோது, பொட்டலம் கட்டிய நூல்கூட அவிழாமல் சாமி படத்துக்கு முன்னால் இருந்ததாம். சனிக்கிழமையும் அதுவுமாகப் பிள்ளைக்குப் புது மருந்து தொடங்க மாட்டேன் என்று தாய் உறுதியாக இருந்துவிட்டாள். "பாத்தீகளா, எங்க ஊர்ச் சனீஸ்வரன் சும்மா விடுவாரா" என்று குச்சனூர்க்காரர் முறிந்த காலோடு எழுந்து உட்கார்ந்து பெருமைப்பட்டுக்கொண்டார். அன்று அவரோடு வாதாட எனக்கு மனசில்லை.

அன்றைக்குத்தான் எனக்கும் அந்தச் சின்ன மாத்திரை ஆரம்பமானது. ஐந்து நாள் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் லேசாக வயிறு வலித்து, தானே அடங்கியது. உதட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கல்யாணமான புதிதில்கூடப் பேச்சியம்மாள் என் உதட்டை இவ்வளவு பார்த்ததில்லை என்று சொன்னேன். சிஸ்டர் காதில் விழுந்துவிட்டது. இருவரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள். அதற்கப்புறம் இத்தனை காலமாகியும் நான்காம் தடவை வரவில்லை.

இன்னும் சில நாள் கீழேயே இருங்கள் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் அண்ணன் மகளைக் கண்ணால் பார்த்தால்தான் தனக்குச் சோறு இறங்கும் என்றாள் பேச்சியம்மாள். மூன்றாம் நாள் லாரி பிடித்து மலைக்குப் போனோம். லயத்து வாசல்களில் நின்றவர்கள் எல்லோரும் என்னைப் போலவே மஞ்சளாக இருந்தார்கள். மச்சான் வீட்டுக்குள்ளிருந்து அந்தப் பெண், முகமெல்லாம் மஞ்சளாக, ஓடி வந்தாள். ஒரு கையில் மஞ்சள் மாத்திரையின் காலிப் பொட்டலத் தாள், இன்னொரு கையில் தனியாக மடித்த மற்ற மாத்திரையின் பாதி தீர்ந்த பொட்டலம்.

"அத்தே, இது முடிஞ்சு, மூணு நாள் சும்மா இருந்துட்டு, அப்புறந்தான் இது. ரெண்டும் சேரக் கூடாது. உனக்குத் தெரியுமா?"

"தெரியாதே, ஆத்தா. நீ சொல்லிக் குடு" என்றாள் பேச்சியம்மாள். அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அடுப்பு மூட்டி உலை வைத்துச் சோறு வடிக்கும் வரை கீழே இறக்கவே இல்லை.